ஜண்டா பாய்க்கில் அக்காவின் பலகை வீடு

கோம்பாக் டோல் சாவடியைக் கடந்து, கெந்திங் செம்பா சுரங்கப் பாதையை விட்டு வெளியே வந்தால் காற்றே வேறு. பிள்ளைகள் கார் கண்ணாடியை இறக்கிவிட்டார்கள். பகாங் வந்துவிட்டது. ஜண்டா பாய்க் இனி பக்கம்தான்.

என் பெரியம்மா மகள் அங்கே காட்டோரம், குத்தகை நிலத்தில் வீடு கட்டியிருக்கிறார். சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவர் தொழில். மொத்த வீடே 16 அடிக்கு 24 அடி. பாதி குடியிருக்க, பாதி வரைய. இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது. வெளித் திண்ணை வழியாகத்தான் போக வேண்டும்.

"வேலைக்குப் போறப்ப செருப்பு மாட்டணும்டா. இல்லேன்னா கட்டில்லயே கிடந்திடுவேன்" என்றார் அக்கா.

இப்போது சிரிக்கிறார். முதல் வருட நவம்பர் மழையில் அழுதிருக்கிறார். நான்கு மாதம் வரைந்த 22 படங்களிலும் பூஞ்சணம். காகிதமெல்லாம் பழுப்புப் புள்ளி. கெப்போங் அடுக்குமாடிக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டிகூடக் கட்டிவிட்டாராம்.

தரையோடு தரையாகச் சிமெண்டு போட்டுக் கட்டியதுதான் வினை. கம்பத்துப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "காற்று கீழேயும் போகணும்" என்றாராம். வரையும் பாதியை மட்டும் பிரித்து, நான்கடித் தூண்கள்மேல் ஏற்றினார்கள். எங்கள் தாத்தா இருந்த தோட்டத்து வீடும் அப்படித்தான் இருந்தது. அடியில் கோழி அடையும். எங்களுக்கு ஏன் அது முதலிலேயே தோன்றவில்லை?

பெரிய சன்னல் வடக்கே. மேற்கே வைத்திருந்தால் மாலை வெயில் நேராக மேசையில் விழும். கூரை மூன்றடி வெளியே நீள்வதால் சாரலும் உள்ளே வராது. முடிந்த படங்களை வைக்கும் அலமாரிக்குள் 25 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிகிறது. அந்த இளஞ்சூட்டில் ஈரம் தங்குவதில்லை. கேமரா லென்ஸைப் பூஞ்சணத்திலிருந்து காக்கப் பழைய புகைப்படக்காரர்கள் செய்த வேலை இது.

தகரக் கூரைக்கு மட்டும் வழியில்லை. மழை பிடித்தால் ஸூம் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்காது.

"அப்ப எனக்கு லீவு" என்கிறார்.

நாங்கள் பசியாறி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய், பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.