மைனஸ் ஒன்று புள்ளி நான்கு

பகுதி மோலார் கனஅளவு என்ற பாடத்தை, பி.எஸ்சி. படிக்கும்போது, நான் மரக்காலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். எங்களுடையது வெண்ணாற்றுப் பாசன ஊர். களத்தில் நெல் அளப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? 50 மில்லி தண்ணீரில் 50 மில்லி எத்தனாலை ஊற்றினால் 100 மில்லி வராது, 96, 97 மில்லிதான் வரும் என்று பேராசிரியர் சொன்னதும், நெல்லோடு எள்ளைக் கொட்டினால் எள் இடுக்கில் இறங்கிவிடுமே, அந்த மாதிரி என்று மனதில் போட்டுக்கொண்டேன். தேர்வுக்கு அது போதும்.

பிறகு தஞ்சாவூரில் அதே பாடத்தை நானே நடத்தியபோதுதான் மக்னீசியம் சல்பேட் குறுக்கே வந்தது. பௌதிக வேதியியல் படிக்கிறவர்கள் பலரும் போட்டுப் பார்த்திருக்கும் கணக்கு அது. 18 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை மோல் கரைக்கிறோமோ, அதில் 0.070 கழித்து, வர்க்கமாக்கி, 34.69ஆல் பெருக்கி, 1001.21ஐக் கூட்டினால் கரைசலின் கனஅளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். இதை வகையிட்டு 0.05 மோலுக்கு விடை கண்டால் 2 × 34.69 × (0.05 − 0.07). மோலுக்கு −1.4 மில்லி.

"உப்பு போட்டா தண்ணி எப்படி சார் குறையும்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

இடுக்கில் இறங்கும் எள், நெல்லின் அளவைக் கூட்டாமல் இருக்கலாம், குறைக்கவா முடியும்? மரக்கால் உவமை அத்தோடு தீர்ந்தது. மக்னீசியம் அயனி சிறியது, இரண்டு நேர்மின்சுமை கொண்டது. சுற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கி இழுத்துக்கொள்கிறது. சுருங்குவது தண்ணீர், கணக்கில் அது உப்பின் பேரில் எழுதப்படுகிறது. உப்பு உள்ளே எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதைப் பகுதி மோலார் கனஅளவு சொல்வதே இல்லை. இன்னும் சிறிது உப்பைச் சேர்த்தால் மொத்தக் கரைசலும் எப்படி மாறும் என்பதைத்தான் சொல்கிறது. அதனால்தான் 0.07 மோலைத் தாண்டியதும் அதே உப்பு, அதே தண்ணீரில், கனஅளவைக் கூட்டத் தொடங்குகிறது. பகுதி மோலார் கனஅளவு என்ற இந்த எண் உப்புக்கு ஏறினால் தண்ணீருக்கு இறங்கியாக வேண்டும் என்கிறது கிப்ஸ்–டியூம் சமன்பாடு. ஒரு பொருளின் எண்ணை மட்டும் தனியே மாற்ற இயற்கை விடுவதில்லை. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மக்னீசியம் சல்பேட் எங்கள் பக்கத்துக்கு அந்நியமானதல்ல. பருத்தி இலை சிவந்தால் தெளிக்க உரக்கடையில் வாங்குகிறோம். வேதாரண்யம் உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரிலும் மக்னீசியம் நிறைய உண்டு. ஆனால் ஆய்வகத்தில் இந்த உப்பு நம் பொறுமையைச் சோதிக்கும். படிகத்தின் ஒவ்வொரு மோலும் ஏழு மோல் தண்ணீரைச் சுமந்து வருகிறது. 0.05 மோலுக்கு 12.3 கிராம் நிறுத்தால், அதில் 6.3 கிராம் தண்ணீர்தான். ஆகவே ஊற்ற வேண்டியது 1000 கிராம் அல்ல, 993.7 கிராம்.

அதைவிடக் கஷ்டம் வெப்பநிலை. வெறும் தண்ணீரிலிருந்து 0.07 மோல் வரை போனாலும் மொத்தச் சுருக்கம் லிட்டருக்கு 0.17 மில்லிதான். நம்மூர் 30 டிகிரியில் ஒரு டிகிரி ஏறினாலே ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 0.3 மில்லி விரிந்துவிடும். அடர்த்திக் குப்பியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் மூடியின் நுண்துளை வழியே துளி எட்டிப் பார்க்கும்; தேடிப்போன விளைவு அந்தத் துளியோடு போய்விடும். கழுத்தை மட்டும் பிடிக்க வேண்டும். நீர்த்தொட்டியில் வைத்து, நுண்துளையில் மட்டம் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிற கைக்கு இந்தக் கழித்தல் குறி அகப்படாது.

இந்தப் பாடத்தை நடத்தும் இளம் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனாலோடு நிறுத்திவிடாதீர்கள். மக்னீசியம் சல்பேட் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். குறியைப் பார்த்து அவர்கள் சண்டைக்கு வரட்டும். சூத்திரத்தை அதற்குப் பிறகு பலகையில் எழுதுங்கள்.