வண்டிக் கொட்டில்

மாதுங்காவில் குடியேறிய பாலக்காட்டுக் குடும்பங்கள் எங்கே கூடினாலும் ஊர் வீட்டைப் பற்றிய பேச்சு எழாமல் இராது. விற்றவர் வருந்துவார், விற்காதவரோ ஓடு மாற்றும் செலவைச் சொல்லி அவரைவிட அதிகமாக வருந்துவார். நான் இரண்டாவது வகை. கல்பாத்தியில் எங்கள் பாட்டனார் வாழ்ந்த வீட்டைச் சென்ற ஆண்டு அக்காவும் நானும் புதுப்பித்தோம். அப்போது நான் கற்ற பாடத்தைச் சொல்லச் சற்று வெட்கமாகவே இருக்கிறது; ஆயினும் நம் சங்கத்து அன்பர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்காகச் சில வார்த்தைகள். கல்பாத்தி, பாலக்காட்டு நகரில் புழைக்கரையில் விசுவநாத சுவாமி கோயிலை ஒட்டி அமைந்த அக்கிரகாரம். 1425ஆம் ஆண்டில் கோயில் எழுந்தது என்பர். ஐப்பசிக் கடைசியில் தேர்த்திருவிழா. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று உள்ளே நீண்டுகொண்டே போகும். கேரள அரசு இதனை மரபுக் கிராமமாக அறிவித்திருப்பதால், தெருவைப் பார்த்த முகப்பை நம் இஷ்டம்போல் மாற்ற இயலாது.

வேலையைத் தொடங்கியபின்தான் பழைய வீட்டின் குணம் புரிந்தது. சுண்ணாம்புச் சுவரின்மேல் என் தந்தையார் காலத்தில் சிமெண்டு பூசியிருந்தார்கள். சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, சுவரைப் பொடிப்பொடியாக்கியிருந்தது. அதைப் பெயர்த்தெறிந்து, மீண்டும் சுண்ணாம்புச் சாந்தே பூசினோம். உளுத்த உத்தரங்களுக்குப் பதிலாக, வேறோர் ஊரில் இடித்த வீட்டின் மரங்களை வாங்கிப் பொருத்தினோம்.

கொல்லையின் கோடியில், பின்சந்தைப் பார்த்தபடி வண்டிக் கொட்டில் இருந்தது. பாட்டனார் அங்கேதான் வில்வண்டியை நிறுத்துவார். வயலுக்கும் ஒலவக்கோட்டு ரயிலடிக்கும் அதில்தான் போவார். 1970 ஜனவரி முதல் தேதி குத்தகை முறை ஒழிந்து, உழுதவருக்கே நிலம் சேர்ந்தது. அதன்பின் வண்டிக்கு வேலையில்லை. வண்டி எப்போதோ விறகாயிற்று. நுகத்தடி மட்டும் பரணில் கிடந்தது. அதைத் துடைத்து எண்ணெய் தடவிக் கூடத்துச் சுவரில் மாட்டுவது என் திட்டம். ஆணிகூட அடித்துவிட்டேன்.

வேலையை ஏற்றவர் ஐம்பது வயதை எட்டிய ஒரு மேஸ்திரி. எங்கள் வண்டிக்காரரின் பேரன் அவர் என்பது முதலில் எனக்குத் தெரியாது. முதல் நாள் சுண்ணாம்பு மூட்டைகளோடு வாசலில் வந்து நின்றார். "பின்சந்து வழியாகக் கொண்டு வாருங்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்து, "ஏன்டா, வாசல் அகலமாகத்தானே இருக்கிறது?" என்றாள்.

அகலமாகத்தான் இருந்தது. மூட்டைகளுக்குப் பின்வழி தூரமுங்கூட. பின் ஏன் சொன்னேன்? சிறு வயதில் அவருடைய பாட்டனார் ஒரு நாளும் வாசல் வழியாக வந்து நான் பார்த்ததில்லை. பின்சந்தில் வருவார், கொட்டிலில் நிற்பார், தண்ணீரும் அங்கேயே போகும். அதையே வீட்டின் அமைப்பு என்று என் மனம் எழுதி வைத்திருந்தது போலும்.

அந்த வழக்கத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு. பொதுச் சாலைகள் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் ஆர். வீரையன் தீர்மானம் கொண்டுவந்தார். அரசும் ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டுத் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தித் தெருவுக்குள் வந்த ஈழவர்களை அடித்து விரட்டினார்கள். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபாரில் சேர்ந்திருந்தது. நம் வீடுகளில் தேரின் அழகைப் பாட்டிமார் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள். இந்தச் செய்தியை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நான் படித்துத்தான் அறிந்தேன்.

மறுநாள் மேஸ்திரியிடம், "இனி எல்லாம் வாசல் வழியாகவே வரட்டும், நேற்று நான் சொன்னது தவறு" என்றேன். அவர் சிரித்தார். "தாத்தா சொல்லித்தான் இருக்கிறார், சார். கொட்டில் தெரியும், கூடம் தெரியாது என்பார்." சற்று நின்று, "அந்த நுகத்தடியை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். சுவரில் மாட்டப் போவதைச் சொன்னேன். "அம்மாவிடம் காட்ட வேண்டும். அவர் அப்பாவின் கை பட்டது அல்லவா?" என்றார்.

எனக்கு உடனே கொடுக்க மனம் வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது என் பாட்டனாரின் சொத்து என்ற எண்ணம் குறுக்கே நின்றது. ஆனால் பாட்டனார் ஒரு நாளாவது அதைத் தொட்டிருப்பாரா? அன்று மாலையே கொடுத்துவிட்டேன்.

புதுமனை புகுந்த நாளில் மேஸ்திரி தம் தாயாரை அழைத்து வந்தார். அந்த அம்மாள் வாசற்படியில் தயங்கி நின்றார். அக்கா இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கூடத்தில் இலை போட்டு, பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டபின் அவர் கொட்டிலைப் பார்க்க விரும்பினார். அங்கே சிறிது நேரம் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

கூடத்துச் சுவரில் ஆணி வெறுமையாகவே இருக்கிறது. வருகிறவர்கள் எதற்கு என்று கேட்கிறார்கள்; கேட்டவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். ஊர் வீட்டைப் புதுப்பிக்க எண்ணும் அன்பர்கள் கூரையையும் சுவரையும் அவசியம் பாருங்கள். கூடவே, அவ்வீட்டில் யார் எந்த வழியாக வந்தார்கள் என்பதையும் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.