32 ஓட்டைகள்

பவர் சப்ளை சர்க்யூட் போடுவது பெரிய விஷயமே இல்லை நண்பர்களே. எல்.எம்.317 ஐ.சி. ஒன்று, டிரான்ஸ்பார்மர் ஒன்று, நாலு டயோடு, ரெண்டு மூணு கெப்பாசிட்டர். ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். அதை வைக்க ஒரு பெட்டி வேண்டுமே, அங்கேதான் வந்தது வினை.

கடைப் பெட்டி வாங்கக் காசில்லை. மிச்சமிருந்த 1.6 மி.மீ. கிளாஸ் எபாக்ஸி காப்பர் கிளாட் போர்டையே வெட்டி, செம்பு உள்பக்கம் வரும்படி நிறுத்தி, மூலைகளைச் சால்டர் செய்தால் பெட்டி தயார். த்ரீ பின் பிளக்கின் எர்த் வயரையும் அந்தச் செம்பிலேயே பற்ற வைக்கலாம். ஸ்விட்சுக்கும் எல்.இ.டி.க்கும் ஓட்டை சுலபம். வோல்ட் மீட்டருக்கு 45 மி.மீ. வட்டம் வேண்டும். அவ்வளவு பெரிய பிட் யாரிடம் இருக்கிறது?

வெளிப்பக்கமிருந்து டிரில் போட்டதில் முதல் துண்டு போச்சு. பிட் வெளியே வந்த இடத்தில் செம்பு அப்பளம் மாதிரி எழும்பி உரிந்துவிட்டது. இருந்ததோ இன்னும் ஒரே துண்டு. ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மாமா அங்கே தச்சு வேலை செய்கிறார். இந்தப் போர்டை அவர் பார்த்ததே கிடையாது. தட்டிப் பார்த்துவிட்டு, "மரத்துக்கும் இதே கதைதான் மாப்ள. வெளிய வர்ற பக்கம்தான் பிய்யும். நல்ல முகத்த மேல வையி, அடியில கட்டையக் குடு" என்றார். கை டிரில்லையும் கொடுத்தனுப்பினார்.

உள்ளே 41 மி.மீ. வட்டம் போட்டு, 4 மி.மீ.க்கு ஒன்றாக 32 புள்ளி. ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. ஓட்டை. இடையில் நிற்பதை ஹாக்ஸா பிளேடுத் துண்டால் அறுத்து, அரைவட்ட அரத்தால் ராவினேன். கண்ணாடி இழை என்பதால் பிட் பாதியிலேயே மழுங்கிவிட்டது.

அப்போதுதான் அம்மா நைட் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்தாள். என் தலையெல்லாம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, "பஞ்சாய்யா இது?" என்றாள். "இல்லம்மா, கண்ணாடித் தூள்" என்றேன். அரத்தைப் பிடுங்கிவிட்டாள்.

வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் அம்மாவுக்கு நெஞ்சு இறுக்கும். பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு அதுதான் அடையாளம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் லேபில் இந்தத் தூளைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மூக்கில் துணியைக் கட்டினாள். துணி மட்டும் போதாது, நைஸ் தூள் அதற்குள்ளும் புகும். "தண்ணியத் தெளிச்சு ராவு, பறக்காது" என்றாள். பறக்கவில்லை. (கை டிரில்லாக இருந்ததால் இது சரி. கரண்ட் டிரில்லோடு தண்ணீர் வேண்டாம் சாமி!) சேறு மாதிரி வந்ததைப் பேப்பரில் வழித்து மடித்து எறிந்தோம்.

மீட்டர் லேசாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது. முள் 12 வோல்ட்டுக்கு ஏறியதை அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல பாட்டுக் கேக்குமாய்யா?"

கேட்காது. அடுத்தது ஆம்ப்ளிபயர். அதற்கு 4 அங்குல ஸ்பீக்கர் ஓட்டை போட வேண்டும்.