ஈ மொய்க்கும் முதுகு

பவுலுஸ் பொட்டர். 'காளை'. 1647. ஹாலந்தில் ஹேக் நகரம், மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம்.

வரைந்தபோது வயது 21. காசநோய். 28 வயதில் முடிந்துவிட்டது.

என்னிடம் இருப்பது அச்சுப்படம். முழங்கை நீளம்கூட இல்லை.

அசல்: உயரம் 235.5 செ.மீ., அகலம் 339 செ.மீ. எண்ணாகப் படித்தால் மனதில் நிற்கவில்லை. களத்தில் கயிறு பிடித்து நாலு மூலைக்கும் முளை அடித்தேன். ஏழே முக்கால் அடிக்குப் பதினோரு அடி. உள்ளே போய் நின்று பார்த்தேன். ஒரு மாடு தாராளமாக நிற்கும்.

அவ்வளவு பெரிய துணியில் அந்தக் காலத்தில் அரசர்களை வரைவார்கள், போரை வரைவார்கள், வேதாகமக் கதையை வரைவார்கள்.

முதலில் காளை மட்டும்தான் இருந்ததாம். பிறகு துணியை ஒட்டிப் பெரிதாக்கியிருக்கிறார். பசு வந்தது. கிடா, பெட்டை, குட்டி. மரம். மரத்தோரம் வேலிக்குப் பின்னால் மாட்டுக்காரர்.

அவர் நம்மைப் பார்க்கிறார். பெயர் தெரியாத மனிதர்.

முதுகுக்கு மேல் ஈக்கள். தரையில் சாணி. ஒரு தவளை. ரொம்ப உயரத்தில் ஒரு வானம்பாடி.

சாணிக்கு எந்தத் தூரிகையை எடுத்திருப்பார்?

தொடுவானம் நன்றாகத் தாழ்ந்து கிடக்கிறது. புல்வெளி கீழேயே முடிந்துவிடுகிறது. காளையின் உடம்பு முழுக்க வானத்தில் நிற்கிறது. வரப்பில் குந்தி மாட்டைப் பார்ப்பவனுக்கு இப்படித்தான் தெரியும்.

தூரத்தில் ரைஸ்வைக் ஊரின் தேவாலயக் கோபுரம். நகத்தளவு.

பெரியவரிடம் படத்தைக் கொடுத்தேன். ஊரில் மாடு பிடிக்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். வாங்கியதும் குளம்பைப் பார்த்தார். அப்புறம் பின்தொடை.

"திமிலு எங்க தம்பி?"

சீமை மாட்டுக்குத் திமில் இல்லை அய்யா என்றேன்.

"மூக்கணாங்கயிறும் இல்ல. இத எப்புடிப் பிடிப்பாங்க?"

படுத்திருக்கும் பசுவுக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

"மூக்கு ஈரமா இருக்கு பாரு. நோவு ஒண்ணும் இல்ல."

கிட்டத்தில் பார்த்தால் அந்த ஈரம் ஒரு வெள்ளைத் தீற்று. தள்ளிப் பிடித்தால் ஈரம்.

வெவ்வேறு வயது மாடுகளைப் பார்த்துப் பழகியதை ஒரே உடம்பில் சேர்த்திருக்கிறார் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அண்மையில் படத்தைச் சுத்தம் செய்து ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. விதைப்பையை முதலில் பெரிதாக வரைந்து, பிறகு சிறிதாக்கியிருக்கிறார். யார் சொல்லி?

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நந்தி. ஒரே கல். 12 அடி உயரம். நாயக்கர் காலம். கழுத்து மணிச்சரம் ஒவ்வொன்றும் துல்லியம்.

நந்திமேல் ஈ இல்லை.

எங்கள் பக்கத்து உம்பளச்சேரி மாடு. கன்று பிறக்கும்போது செவலை. ஆறேழு மாதத்தில் சாம்பல் ஏறிவிடும். நெற்றியில் சுட்டி. நாலு காலிலும் வெள்ளை. வால் குஞ்சமும் வெள்ளை. உழவு மாட்டுக்குக் கொம்பை எடுத்துவிடுவது இங்கே வழக்கம். அதனால் மொட்டை மாடு என்றும் பெயர். சேற்றில் இறங்கி உழைப்பதற்கென்றே வந்த குட்டையான உடம்பு.

இப்போது சேற்றில் டிராக்டர்.

எங்கள் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குப் பொட்டரின் படத்தைக் காட்ட வேண்டும். அவர்கள் கண்ணுக்கு வேறு ஏதாவது படும்.

தை, மாசி. அறுப்பு முடிந்த வயல். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வருகிறார்கள். ராத்திரிக் கிடைக்குப் பேச்சு. எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, என்ன கூலி. வயல்காரர் காசு கொடுப்பது புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும்.

உளுந்து தெளித்த வயல் பக்கம் ஆடு போகக்கூடாது. ராத்திரியெல்லாம் ஒருவர் விழித்திருக்கிறார்.

குட்டிகளை மூங்கில் கூடையால் கவிழ்த்து மூடியிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு மூக்கு மட்டும் வெளியே.

அதுவும் ஈரம்.

பீம்ஸ்டர். ஹாலந்தில் ஏரியாக இருந்த இடம். காற்றாலைகளை வைத்து நீரை இறைத்து 1612-இல் நிலமாக்கினார்கள். அந்தப் பக்கத்துப் புல்வெளிகள் பலவும் இப்படி ஆள் சேர்ந்து செய்தவை.

ஒரத்தநாடு மேட்டுப் பூமி. மழையையும் ஏரியையும் நம்பியிருந்தது. மேட்டூர் அணையோடு 1934-இல் கல்லணைக் கால்வாய் வந்தது. ஊரில் இன்னும் அது புது ஆறுதான்.

தஞ்சாவூர் என்றாலே ஆயிரம் வருடப் பச்சை என்று எழுதுகிறார்கள். எங்கள் பச்சைக்கு நூறு வயது ஆகவில்லை.

2018 நவம்பர் 16. கஜா புயல். தென்னை சாய்ந்தது. பட்டுக்கோட்டை வரை அதே கதை. மறுநாள் காலையில் வாசலில் நின்றவர்கள் முதலில் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி. அதுவரை மறைந்திருந்த வானம் மொத்தமும் தெரிந்தது.

டச்சு நிலக்காட்சி ஓவியங்கள் பலவற்றில் பாதிக்கு மேல் வானம்தான். அந்த வானத்தை ரசிக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. தென்னம்பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் முடிந்தது.

பொட்டர் பிறந்த ஊர் எங்க்ஹவுசன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு ஊர்களில் கிளை இருந்தது. அந்த ஆறில் ஒன்று இது.

1658. நாகப்பட்டினம் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. அதையொட்டி தஞ்சைச் சீமையில் படையெடுப்பு, பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்டவர்களைக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றியது.

காளைக்கு அப்போது 11 வயது.

படத்தில் உள்ள பசுவின் வயிறு நிறைந்திருக்கிறது.

ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஊர். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்தார்கள். வாய்க்கால், வயல் என்று எல்லை சொல்லிக்கொண்டே போகும். அந்த ஏடுகள் ஹாலந்து போய், லைடன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. நம் வயற்காட்டைச் செம்பில் எழுதியது அங்கே போனது. அவர்கள் புல்வெளியின் அச்சுப்படம் என் மேசையில்.

1795-இல் பிரெஞ்சுக்காரர்கள் காளையைப் பாரீசுக்குக் கொண்டுபோனார்கள். லூவரில் தொங்கியது. 1815-இல் திரும்பியது. அந்த இடைவெளியில் இங்கே: 1798-இல் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். 1799-இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது. வழிப்போக்கர்களுக்குச் சோறு.

சரபோஜி சேர்த்த ஐரோப்பியப் படங்களில் ஒரு தொகுதி தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ ப்ருன் வரைந்தவற்றின் அச்சு. மனித முகமும் விலங்கு முகமும் பக்கத்தில் பக்கத்தில். மாட்டு நெற்றி, மாட்டு மூக்கு, மனிதனுக்கு.

பொட்டர் அந்த வேலை செய்யவில்லை. காளையின் கண்ணில் கோபமும் வைக்கவில்லை, சாந்தமும் வைக்கவில்லை. நெற்றிச் சுருள் மயிரை மட்டும் இழை இழையாக எழுதியிருக்கிறார். இதற்காகவே அவரைப் பிடிக்கிறது.

பெரியவர் படத்தைத் திருப்பித் தரும்போது கேட்டார்: "நம்ம மாட்ட இப்புடி யாரும் போட்டிருக்காங்களா?"

தேட வேண்டும். உம்பளச்சேரிக் காளை, முழு அளவில், வண்ணத்தில். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் விசாரிக்கலாம். யாரும் வரைந்ததில்லை என்றால், திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் அரசுப் பண்ணை இருக்கிறது. காளைகள் நிற்கின்றன.