ஒளித்து வைத்த முனை

கம்பியைக் கட்டரால் நறுக்கும்போது அது கத்திபோட்ட வெண்ணெய்போல் துண்டாவதில்லை. கட்டரின் இரண்டு வாயும் இருபுறமிருந்து நெருக்க, நடுவில் மெல்லிய விளிம்பு ஒன்று பிதுங்கி நிற்கும். ஃப்ளஷ் கட்டரில் ஒரு பக்கம் தட்டை என்பதால், அந்தப் பக்கத்துத் துண்டு மட்டும் ஏறக்குறையச் சமமாக வெட்டுப்படும். அதனால் தட்டைப் பக்கம் எப்போதும் நகையைப் பார்த்திருக்க வேண்டும். அப்படி வெட்டினாலும் ஓரம் கூராகத்தான் இருக்கும்.

சிட்னியில் வென்ட்வொர்த்வில் பக்கம் இருந்துகொண்டு கம்பி நகை செய்கிறேன். மணி கோர்ப்பதைவிட முனைகளுக்கே அதிக நேரம் செலவிடுகிறேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. இந்தக் கவனத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது பரதநாட்டியம். டூங்காபி, வெஸ்ட்மீட், பெண்டில் ஹில் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. அரங்கேற்றம் நெருங்கினால் டான்ஸ் செட்டுகள் என் மேசைக்கு வந்துவிடும். அறுந்த மாட்டல், வளையம் விரிந்த ஜிமிக்கி, கொக்கி கழன்ற அட்டிகை. வடசேரியில் வெள்ளியில் செய்யும் கோயில் நகைகளின் இணைப்புகளைப் பற்றவைத்து மூடுவார்கள். இங்கே வருபவை பெரும்பாலும் கவரிங். பல இணைப்புகளில் வெறும் கம்பிச் சுற்றுத்தான்.

"ஆன்ட்டி, ஆடும்போது கழுத்துல ஏதோ குத்துது" என்றாள் ஒரு பெண். வீட்டில் என்றால் கையால் நகர்த்திவிடலாம். மேடையில், வர்ணத்தின் நடுவில், அவள் கை அவளுடையதல்ல. வியர்வை வேறு அந்தக் கீறலில் இறங்கும். அத்தனை வருடப் பயிற்சியின் பலனை அரை மில்லிமீட்டர் கம்பி கெடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

அவள் அட்டிகையில் அந்த முனை வெளியே தெரியவில்லை. மணியின் துளைக்குள் செருகியிருந்தார்கள். மெல்பர்னில் இருக்கும் என் தோழி சந்தையில் வாங்கி, பிறகு எனக்கு அனுப்பிய காதணியிலும் இதே கதைதான். குளிர்காலம் முழுக்கக் கம்பளி மப்ளர் உரசியதில் சுற்று தளர்ந்து, மணிக்கு அடியில் ஒளிந்திருந்த முனை வெளியே வந்து நூலை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியானது. முனையை ஒளிப்பது வேறு, முடிப்பது வேறு. நகை அசையும், தளரும். ஒளித்தது ஒருநாள் வெளியே வரும். அன்றைக்கும் அது யாரையும் கீறக் கூடாது. ஆகவே, உள்ளே போகப்போகிற முனையைக்கூட முதலில் மழுக்கிவிட்டுத்தான் மடக்குகிறேன்.

சுற்றிய கம்பியின் வாலை நறுக்கியதும், மெல்லிய அரத்தால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் சுற்று ஆடிவிடும். பிறகு நோஸ் பிளையரால் முனையை அழுத்தி, பக்கத்துச் சுற்றோடு படியவைக்கிறேன். அது தோலைப் பார்க்காமல் மணியைப் பார்த்திருக்க வேண்டும். காதுக் கொக்கிக்குப் பெரும்பாலும் 20 கேஜ் கம்பி, அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர். துளைக்குள் நுழையும் அதன் நுனியை, கிண்ணம்போல் குழிந்த கப் பர்ரில் வைத்துச் சுழற்றினால் உருண்டையாகிவிடும். பர் கம்பியைவிடச் சற்றே பெரியதாக இருப்பது நல்லது. காதுத் துளைக்குள் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. சீழ் வைத்த பிறகுதான் தெரியும்.

வெள்ளியில் இன்னும் அழகான வழி உண்டு. சுத்த வெள்ளி சுமார் 962 டிகிரி செல்சியஸில் உருகும். நுனியில் தீயைக் காட்டினால், பரப்பு இழுவிசையால் அது தானாகவே முத்தாகத் திரளும். ஆனால் சூட்டில் கம்பி இளகிப்போகும். கொக்கியாக வளைத்த பின் லேசாகத் தட்டி இறுக்க வேண்டும். முலாம் பூசிய கம்பிக்கு இது ஒத்துவராது, பூச்சு போய்விடும்.

சோதிப்பதற்கு என் விரலை நான் நம்புவதில்லை. கம்பி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன தோல் அது. பஞ்சைத் தடவிப் பார்ப்பேன், பழைய பட்டுத் துணியில் இழுத்துப் பார்ப்பேன். ஓர் இழை மாட்டினாலும் மறுபடி அரம்தான்.

நறுக்கிய துண்டுகளும் ஆபத்தானவையே. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நாம் இங்கே கார்பெட் மேல் வாழ்கிறோம். செம்பையும் வெள்ளியையும் காந்தம் இழுக்காது. அதனால் வாலை விரலால் மூடி, டப்பாவுக்குள் கவிழ்த்துப் பிடித்துத்தான் வெட்டுவேன், கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

2011இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, வியாபாரமாக விற்கும் பொருள் பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டும். சந்தையில் மடக்கு மேசை போடுபவருக்கும் இது பொருந்தும். "கைவேலை, அப்படித்தான் இருக்கும்" என்று வாங்குபவரிடம் சொல்வதை நான் வெறுக்கிறேன். கைவேலை என்பதால்தானே ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்க்க முடிகிறது?

தவழும் குழந்தைகளுக்கு மட்டும் யார் கேட்டாலும் கம்பி நகை செய்து தருவதில்லை.