ஆலங்காட்டில் ஒரு சக்கர விசாரம்

“ஜீப் வாங்கியாயிற்று, சரி. இப்போது அதன் சக்கரத்துக்கு வளையல் வேறு போடவேண்டுமாம்! கேட்டாயா தம்பி, இந்தக் கூத்தை?” என்று என் அக்கா வந்ததும் வராததுமாக முறையிட்டாள்.

வளையல் என்று அவள் சொன்னது ‘பீட்லாக்’ என்னும் உலோக வளையத்தை. காடு மேடு ஏறும் ஜீப்புகளின் சக்கரத்தில், டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கவ்விப் பிடிப்பதற்காகப் பூட்டுவது. என் மருமான் அதன்மேல் ஆசை வைத்துவிட்டான். அக்காவோ, மழைக்கு ஒழுகும் மாடியைச் செப்பனிடச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை அதற்குக் கொடுப்பதாக இல்லை. தாயும் பிள்ளையும் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் திருவாலங்காடு போய்வருவோம். அந்த ஜீப்பிலேயே போவோம். பிறகு பேசிக்கொள்வோம்” என்றேன். என் மனைவி உடனே புளியோதரைக்குப் புளி ஊறவைத்தாள்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் திருவாலங்காடு ஒரு ஸ்டேஷன். அங்கிருந்து ஊர் சில மைல் உள்ளே இருக்கிறது. நாங்கள் திருவள்ளூர் வழியாகச் சாலையில் போனோம். இரு பக்கமும் நெல்லும் கரும்பும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஊரிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன.

நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கேதான். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், குற்றாலத்தில் சித்திரம், ஆலங்காட்டில் ரத்தினம். காளியோடு போட்டியிட்டு ஆடியபோது, ஒரு காலை ஊன்றி மறு காலைத் தலைக்குமேல் தூக்கினார் என்பது ஐதிகம். வடாரண்யேசுவரரையும் வண்டார்குழலி அம்மையையும் தரிசித்துவிட்டுச் சபையில் நின்றோம். காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த தலம் இது. அம்மையார் தலையால் நடந்த மண்ணில் கால் வைக்க அஞ்சி, ஞானசம்பந்தர் ஊருக்கு வெளியே தங்கினார் என்று பெரிய புராணம் சொல்கிறது.

“அவர் காலையே வைக்கவில்லை. இவன் ஜீப்பையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான்!” என்றாள் அக்கா. மருமான் சிரித்துவிட்டான். பாதிச் சமாதானம் அங்கேயே ஆகிவிட்டது.

பக்கத்திலுள்ள பழையனூரையும் பார்த்தோம். நீலி கதை தெரியாத பாட்டி உண்டா? பேய் பெண்ணுருவில் வந்து வணிகனைத் தன் கணவன் என்று வழக்காட, ‘உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு’ என்று வேளாளர் எழுபது பேர் வாக்குக் கொடுத்தார்கள். வணிகன் மாண்டுபோகவே, எழுபது பேரும் தீயில் இறங்கி வாக்கைக் காத்தார்கள் என்பது கதை. இந்தப் பழையனூரைத்தான் ராஜேந்திர சோழன் ஆலங்காட்டுக் கோயிலுக்கு அளித்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் 1905-இல் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். எல்லாவற்றையும் ஒரு பெரிய வளையத்தில் கோத்து, அதில் சோழர் முத்திரை வைத்திருக்கிறார்கள்.

“பார்த்தாயா அம்மா, ராஜேந்திர சோழனே வளையம் போட்டுத்தான் பூட்டியிருக்கிறான்!” என்று மருமான் கட்சி பேசினான்.

பேசிய வாய்க்குச் சோதனை வந்தது. திரும்பும்போது கொசஸ்தலை ஆற்றைப் பார்க்கலாமென்று வண்டித் தடத்தில் இறங்கினான். மணலில் பத்து கஜம் போவதற்குள் பின்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் இறங்கியது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், அக்காவுக்குத் திண்டாட்டம்.

சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் கரையில் நின்று பார்த்தார். சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருப்பவராம். “தம்பி, மிதிக்காதீங்க. நாலு சக்கரத்திலும் பாதிக் காத்தை இறக்குங்க” என்றார். சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் இருந்த காற்று 15 ஆயிற்று. டயர் சற்றுத் தட்டையாகி மணலில் அகலமாகப் படிந்தது. சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டு மெதுவாக எடுத்ததும், யானை எழுந்திருப்பதுபோல் வண்டி எழுந்து வந்துவிட்டது.

காற்றுப் பிடிக்க அவர் கடைக்கே போனோம். வழக்கு அங்கேதான் விசாரணைக்கு வந்தது.

டயரின் விளிம்புக்குள்ளே எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. உள்ளிருக்கும் காற்று அந்த விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கிறது. “குக்கரில் ஆவி ஏறினால்தான் மூடி இறுகுகிறதே, அதுபோலவா?” என்று கேட்டாள் என் மனைவி. அதேதான். காற்று மிகவும் குறைந்தால் பிடி தளரும். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். 10 ராத்தலுக்கும் கீழே இறக்கிப் பாறையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்களுக்குத்தான் பீட்லாக் அவசியமாகிறது. இரண்டாம் உலகப் போரின் ராணுவ ஜீப்புகளிலேயே டயரின் உள்ளே இப்படி ஒரு வளையம் வைத்தார்கள்.

இதில் ரகங்கள் உண்டு. வெளியே வளையம் வைத்துச் சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்குவது ஒன்று. டயருக்குள் இன்னொரு சிறு டியூபை வைத்து, அதில் காற்றேற்றி விளிம்பை நெருக்குவது மற்றொன்று. வெறும் அழகுக்குப் போல்ட் தலைகளைப் பதித்த போலியும் விற்கிறார்கள். அது எதையும் பிடிக்காது. பணத்தை மட்டும் பிடிக்கும்.

“எங்க அப்பா மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவார்” என்றார் பெரியவர். “சக்கரத்தைவிட ஒரு மயிரிழை சின்னதாப் பட்டை அடிச்சு, நெருப்பிலே பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணி ஊத்துவார். சுருங்கிக் கவ்விக்கும். அதுக்கு அப்புறம் யாரும் பார்க்க வேண்டாம். இந்த போல்ட் வளையம் அப்படி இல்லே தம்பி. எதிரெதிரா, ஒரே அளவா முடுக்கணும். கொஞ்ச தூரம் ஓடினதும் மறுபடி பார்க்கணும். ஒண்ணு தளர்ந்தாலும் காத்து கசியும். வண்டியிலே பொம்பளைங்க, புள்ளைங்க வர்றாங்களே, மாசா மாசம் உட்கார்ந்து பார்ப்பீங்களா?”

“கம்பெனியில் கியாரண்டி தருகிறார்கள்” என்று முனகினான் மருமான்.

“பழையனூர் வேளாளர் கொடுத்த கியாரண்டியாக இருந்தால் வாங்கு!” என்றாள் அக்கா.

நானும் என் பங்குக்குச் சட்டம் பேசினேன். வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து இஷ்டப்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகையால் இத்தகைய வளையத்தை மாட்டி ஊர்ச் சாலையில் ஓடுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. சக்கரத்தின் கனமும் கூடும்.

“அப்பனே, மாதத்தில் 29 நாள் தார் ரோட்டில் ஆபீஸ் போகிற வண்டி இது. மிச்ச ஒரு நாள் மணலுக்கு 15 ராத்தல் போதும் என்று இப்போதுதானே பார்த்தாய்?” என்றேன்.

அவன் சற்று நேரம் ரிம்மைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு பெரியவரிடம், “காற்று அளக்கிற மீட்டர் எது நல்லது, ஐயா?” என்று கேட்டான். அக்கா முகம் மலர்ந்தது.

“ஒன்று மறக்காதீங்க. மணலை விட்டு ஏறினதும் பழையபடி காத்துப் பிடிச்சிடணும். குறைஞ்ச காத்தோட வேகமாப் போனா டயர் சூடாகி வெடிச்சிடும்” என்று சொல்லி அனுப்பினார் அவர்.

மறு மாதமே மாடிக்குப் பூச்சு வேலை நடந்தது. ஜீப்பில் இப்போது ஒரு மீட்டரும் ஒரு சிறு பம்பும் இருக்கின்றன.

“பாறை ஏறும் பந்தயத்துக்குப் போனால் மட்டும் வாங்கிக்கொள்கிறேன், மாமா” என்கிறான் மருமான்.

“போகும்போது பார்க்கலாம். இப்போது போய் மொட்டை மாடியில் வடாம் காய்கிறதா என்று பார்!” என்கிறாள் அக்கா.