கறந்த பால் எங்கே போகிறது?

மைசூரிலிருந்து தி.நரசிபுரம், கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் ஏற்றம் தொடங்குவதற்கு முன் கௌதள்ளியைக் கடக்கிறார்கள். பக்தர்கள் கூட்டம் இங்கே அதிகம் தங்குவதில்லை. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கும் முன்பு, 1956 வரை, கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்த வட்டாரத்தில் கன்னடத்தோடு தமிழும் காதில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உணவியல் படித்தவர்கள் ஒருநாளாவது வந்து பார்க்கவேண்டிய பகுதி இது. பெரியவர் ஒருவருக்குத் தினமும் 300 மில்லி பால் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணை. அந்தப் பால் எப்படி உண்டாகிறது, யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு அட்டவணையில் இடமில்லை. மாட்டுக் கொட்டிலுக்கே போய்த் தெரிந்துகொள்வது புதிய யோசனையும் அல்ல. 1927இல் உடல்நலம் தேற பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, அங்கிருந்த அரசு பால்பண்ணைக்குச் சென்று வில்லியம் ஸ்மித் என்ற நிபுணரிடம் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். பசும்பாலும் எருமைப்பாலும் தொடுவதில்லை என்று விரதம் பூண்டிருந்தவர் அவர்!

இந்தப் பக்கத்து நாட்டு மாடுகள் பாலுக்குப் பேர்போனவை அல்ல. காவிரிக்கரை ஊர் ஒன்றின் பெயரைக் கொண்ட ஆலம்பாடி, மலைக்கு அந்தப் பக்கம் அந்தியூர்க் காட்டில் மேயும் பர்கூர் எல்லாமே உழவுக்கும் வண்டிக்கும் பழகியவை. கன்று குடித்தது போக லிட்டர் ஒன்றோ இரண்டோ தேறும். ஆனால் காட்டில் கிடைத்ததை மேய்ந்தே பிழைத்துக்கொள்ளும். கலப்பின மாடு பல மடங்கு கறக்கும். அதற்குப் பசுந்தீவனம், புண்ணாக்கு, நிழல், குடம் குடமாகத் தண்ணீர் எல்லாம் வேண்டும். கோடையில் ராகித்தாளும் தீர்ந்துவிட்டால் தீவனத்துக்குக் கையிலிருந்து பணம் போகும். சினைமாட்டுக்குக் கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் கறவையை நிறுத்தவேண்டும். அப்போது வரவு இல்லை, செலவு மட்டும் உண்டு.

மேய்ச்சலும் இப்போது சிக்கலாகிவிட்டது. 2025 ஜூனில் மாதேஸ்வரன் மலை வனவிலங்கு சரணாலயத்தின் மீண்யம் காட்டில் தாய்ப்புலி ஒன்றும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் விஷம் வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அடுத்த மாதமே காடுகளில் கால்நடை மேய்வதைத் தடுக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார் வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் காண்ட்ரே. மலையோர கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பியது. பட்டி மாடுகளை நம்பியிருப்பவர்களுக்குக் காடு மூடினால் வேறு புல்வெளி கிடையாது. புலிக்கும் வேறு காடு கிடையாது.

பால் சொசைட்டி காலையும் மாலையும் திறக்கிறது. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்து விலை போடுகிறார்கள். இதற்கு மேல் லிட்டருக்கு 5 ரூபாய் அரசின் ஊக்கத்தொகை. தீவனக் கடனும் வீட்டுச் செலவும் இந்தப் பணத்தில்தான் அடைபடவேண்டும். அதனால் கேனில் ஒரு செம்பு கூடினால் வீட்டு அடுப்பில் ஒரு செம்பு குறையும். இரண்டு மாடு கட்டியிருக்கும் வீட்டிலும் குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் டீயில் கலந்த பால்தான். நோட்டில் ஊற்றிய லிட்டரும் கொழுப்பும் ரூபாயும் இருக்கும்; வீட்டில் நிறுத்திக்கொண்டது எவ்வளவு என்று எழுதக் கட்டம் இல்லை. 'பால் கொடுங்கள்' என்று தாய்மாருக்கு ஆலோசனை சொல்லப்போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கணக்கு இது. ஆறுதலுக்கு ராகி இருக்கிறது. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், எடைக்கு எடை பாலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. உடலில் சேர்வது என்னவோ பாலிலிருந்துதான் எளிது.

ஊரை விட்டுப் போன பாலில் ஒரு பங்கு திரும்பியும் வருகிறது. கர்நாடக அரசு 2013 ஆகஸ்டில் தொடங்கிய 'க்ஷீர பாக்ய' திட்டத்தில் அங்கன்வாடி, பள்ளிக் குழந்தைகளுக்கு 150 மில்லி பால் கொடுக்கிறார்கள். ஒன்றியங்களில் மிஞ்சும் பாலுக்கு ஒரு போக்கிடம், குழந்தைக்கு ஒரு டம்ளர் என்று இரண்டையும் எண்ணிப் போட்ட திட்டம். ஆரம்பத்தில் வாரம் மூன்று நாள், 2017 முதல் ஐந்து நாள். ஆனால் வருவது பாலாக அல்ல, பவுடராக. அதைப் பள்ளி அடுப்படியில் சுடுநீரில் கரைத்து, சர்க்கரை போட்டு ஊற்றுகிறார்கள்.